அலிஸ் கீ: உலகின் முதல் பெண் இயக்குநரை சினிமா மறந்தது எப்படி?

2024 ஜூலை 26. பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. கொட்டும் மழையில் சென் நதியில் படகுகள் போய்க்கொண்டிருக்க, கரையோரத்தில் தங்க நிறச் சிலைகள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. மொத்தம் 10 சிலைகள். பத்துமே பிரான்ஸ் வரலாற்றில் தடம் பதித்த பெண்களுடையவை. சிமோன் தெ பொவ்வார் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதே வரிசையில் இருந்த இன்னொரு பெயர் நிறைய பேருக்குப் புதுசு: அலிஸ் கீ.

யார் இவர்? சினிமா பிறந்த காலத்திலேயே கேமராவுக்குப் பின்னால் போய் நின்றவர். உலகின் முதல் பெண் இயக்குநர் என்று இன்று திரைப்பட வரலாற்று நூல்கள் இவரைத்தான் குறிப்பிடுகின்றன. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'ஆலிஸ் கை' என்று படிப்பவர்கள் உண்டு. பிரெஞ்சு உச்சரிப்பில் அது 'கீ'.

இயக்கியது, தயாரித்தது, மேற்பார்வை செய்தது எல்லாம் சேர்த்து சுமார் 1,000 படங்களில் இவருக்குப் பங்கு உண்டு. பெரும்பாலானவை சில நிமிடங்களே ஓடக்கூடிய அந்தக் காலத்துக் குறும்படங்கள். முழுநீளப் படங்களும் எடுத்திருக்கிறார். அமெரிக்காவில் சொந்தமாக ஸ்டூடியோ கட்டினார். 94 வயது வரை வாழ்ந்தார். ஆனால், அந்த நீண்ட வாழ்க்கையின் கடைசி 45 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு படம்கூட இயக்கவில்லை. அதைவிட மோசம், ஏற்கெனவே எடுத்த படங்களும் தன்னுடையவைதான் என்று நிரூபிக்க அவர் போராட வேண்டியிருந்தது.

இவ்வளவு வேலை செய்த ஒருவருடைய பெயர் எப்படிக் காணாமல் போகும்? அலிஸ் கீயின் வாழ்க்கையைப் பார்த்தால், யாரோ ஒருவர் ஒரே நாளில் திட்டம் போட்டு அழித்ததாகத் தெரியவில்லை. வேலை இவர் கையில் இருந்தது. பதவி, ஒப்பந்தம், கம்பெனி வரலாறு போன்ற காகிதங்களோ வேறு யார் கையிலோ இருந்தன. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

டைப்பிங் தெரிந்ததால் கிடைத்த வேலை

அலிஸ் 1873 ஜூலை 1 அன்று பாரிஸை ஒட்டிய சென்-மாந்தே என்ற ஊரில் பிறந்தார். அப்பா எமில் கீ, தென் அமெரிக்க நாடான சிலியில் புத்தகக் கடை வைத்திருந்தவர். குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார், பிறகு சிலிக்குப் போனார், அப்புறம் ஐரோப்பாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தார்.

வசதியான குடும்பம்தான். ஆனா தொழில் நொடித்தது. 1891-ல் அப்பாவும் இறந்துபோனார். 18 வயதுகூட நிரம்பாத அலிஸ், அம்மாவைக் காப்பாற்ற சம்பாதிக்க வேண்டிய நிலை. டைப்பிங், ஷார்ட்ஹேண்டு கற்றுக்கொண்டார். இன்று கோடிங் கற்றுக்கொண்டு வேலைக்குப் போவது போல, அன்று அது புத்தம் புதுத் திறமை.

1894-ல் பாரிஸில் கேமரா, புகைப்படக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் செக்ரட்டரி வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் செய்தவர் லியோன் கோமோன். வயது ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று கோமோன் தயங்கினாராம். நாள் போகப் போக அந்தக் குறை தானாகச் சரியாகிவிடும் என்று அலிஸ் பதில் சொன்னதாக அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வேலை கிடைத்தது.

அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தை கோமோன் வாங்கிவிட்டார். ஈஃபில் கோபுரத்தின் பெயருக்குச் சொந்தக்காரரான குஸ்தாவ் ஈஃபில் அதில் முதலீடு செய்தவர்களில் ஒருவர். இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் கோமோன் திரைப்பட நிறுவனத்தின் தொடக்கம் இதுதான்.

ஆபீஸ் வேலை கெடக் கூடாது!

1895 மார்ச் 22. லூமியேர் சகோதரர்கள் தங்கள் புதிய கருவியை ஒரு சிறிய கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். பொதுமக்களுக்கு டிக்கெட் போட்டுக் காட்டியது அந்த ஆண்டு டிசம்பரில்தான். ஒன்பது மாதம் முன்பே நடந்த இந்தச் சோதனைக் காட்சியைப் பார்த்தவர்களில் கோமோனும் அவருடைய செக்ரட்டரி அலிஸும் இருந்தார்கள். திரையில் ஓடியது, ஆலையை விட்டுத் தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சி.

அன்றைக்கு சினிமா என்பது ஒரு கருவி, அவ்வளவுதான். கேமரா விற்பவர்களுக்கு, அந்த கேமரா என்ன செய்யும் என்று காட்ட நாலு துண்டுக் காட்சிகள் தேவை. ரயில் வருவது, கூட்டம் நடப்பது, ராணுவம் அணிவகுப்பது. இதையே எத்தனை முறை பார்ப்பது?

சின்ன வயதிலிருந்து புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்த அலிஸுக்கு, இதில் கதை சொல்லலாமே என்று தோன்றியது. நண்பர்களை வைத்து ஒன்றிரண்டு காட்சிகள் எடுத்துப் பார்க்கட்டுமா என்று முதலாளியிடம் கேட்டார். கோமோன் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை: ஆபீஸ் வேலை கெடக் கூடாது.

யோசிச்சுப் பாருங்க. கேமரா விற்பனையில் லாபம் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் துறையில், கதைப்படம் என்பதை யாரும் பெரிய தொழிலாக நினைக்கவில்லை. அதனாலேயே ஒரு பெண்ணுக்கு அந்தக் கதவு எளிதாகத் திறந்தது. பணமும் புகழும் வந்த பிறகு கதவு என்ன ஆனது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அப்படி வந்ததுதான் 'முட்டைக்கோஸ் தேவதை'. குழந்தை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், முட்டைக்கோஸுக்குள் இருந்து வந்தது என்று சொல்லிச் சமாளிப்பது பிரான்ஸில் வழக்கம். அதையே எடுத்துக்கொண்டார் அலிஸ். ஒரு தேவதை, தோட்டத்து முட்டைக்கோஸுகளுக்குள்ளிருந்து குழந்தைகளை எடுத்து எடுத்து வைக்கிறாள். ஓடும் நேரம் ஒரு நிமிடம் அளவுதான்.

இந்தப் படத்தை 1896-ல் எடுத்ததாக அலிஸ் சொல்கிறார். இன்று நமக்குக் கிடைக்கும் பிரதி 1900-ல் எடுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. அவர் இதே கதையை ஒரு தடவைக்கு மேல் எடுத்திருக்கிறார் என்பதால் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும், அந்த நேரத்தில் உலகில் வேறு எந்தப் பெண்ணும் படம் இயக்கிக்கொண்டிருந்ததாகப் பதிவு இல்லை.

பத்தாண்டு ராஜ்ஜியம்

படங்கள் ஓடின. ஆபீஸ் வேலை கெடக் கூடாது என்ற நிபந்தனை மெல்ல மறைந்து, படம் எடுப்பதே அலிஸின் ஆபீஸ் வேலை ஆகிவிட்டது. சுமார் பத்து ஆண்டுகள், 1906 வரை, கோமோன் நிறுவனத்தின் படத் தயாரிப்புக்கே அவர்தான் பொறுப்பு. கதை எழுதுவது, நடிகர்களைப் பிடிப்பது, செட் போடவைப்பது, இயக்குவது, உதவியாளர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது என எல்லாம் அவர் தலையில். பின்னாளில் பிரெஞ்சு சினிமாவின் பெரும்புள்ளிகளில் ஒருவரான லூயி ஃபேயாத், அலிஸ் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட கதாசிரியர்தான்.

தொழில்நுட்பத்திலும் அவர் பின்தங்கவில்லை. பேசும்படம் 1927-ல் வந்தது என்று படித்திருப்போம். அதற்கு 20 ஆண்டுகளுக்கும் முன்பே, 1902-லிருந்து 1906-க்குள், அலிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுப் படங்களை எடுத்தார். கோமோனின் 'குரோனோஃபோன்' என்ற கருவிக்காக எடுக்கப்பட்டவை இவை. முதலில் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்வார்கள். பிறகு அதை ஓடவிட்டு, பாடகர் கேமரா முன் வாயசைப்பார். நம்ம ஊர் பிளேபேக் பாட்டு ஷூட்டிங்கை நேரில் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1905-ல் இப்படி ஒரு பாட்டைப் படமாக்கும்போது அந்த ஷூட்டிங்கையே இன்னொரு கேமரா படம்பிடித்திருக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால் மேக்கிங் வீடியோ. நீண்ட பாவாடை உடுத்திய அலிஸ், செட்டில் நின்று வேலை வாங்குவதை அதில் பார்க்கலாம். ஒரு பெண் இயக்குநராக வேலை செய்ததற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

1906-ல் 'கிறிஸ்துவின் வாழ்க்கை' வந்தது. 25 காட்சிகள், சுமார் 300 துணை நடிகர்கள், அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். பல படங்கள் ஐந்து, பத்து நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தக் காலத்தில் இது பிரம்மாண்டத் தயாரிப்பு.

அதே ஆண்டு வந்த 'பெண்ணியத்தின் விளைவுகள்' வேறு மாதிரி. ஆணும் பெண்ணும் இடம் மாறிக்கொள்ளும் ஏழு நிமிடக் காமெடி. ஆண்கள் துணி தைக்கிறார்கள், இஸ்திரி போடுகிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெண்கள் காலாட்டிக்கொண்டு புகைபிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள், வழியில் போகும் ஆண்களைச் சீண்டுகிறார்கள். முடிவில் ஆண்கள் பொறுமை இழந்து கிளர்ந்தெழுகிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால், பெண்களுக்கு உரிமை கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று கேலி செய்வது போல இருக்கும். ஆனா படத்தில் ஆண்களுக்கு நடப்பது எல்லாமே பெண்களுக்கு அன்றாடம் நடந்துகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டு பார்த்த ஆண்களுக்கு அது உறைத்ததா என்பது தனிக் கதை. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ஆசைப்பட்டதை எல்லாம் அடுத்தவரிடமிருந்து பிடுங்கித் தின்னும் படம் ஒன்றும் எடுத்தார். பின்னாலேயே தள்ளுவண்டியில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு கணவன் ஓடி வருவான். அவள் ருசித்துச் சாப்பிடும் முகத்தைக் கிட்டத்தில் காட்டும் ஷாட்டுகளுக்காகவே இன்றும் திரைப்பட வகுப்புகளில் அது பேசப்படுகிறது.

கல்யாணம்... ராஜினாமா... அமெரிக்கா!

கோமோன் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர் ஹெர்பர்ட் பிளாஷே. 1907-ல் அலிஸுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. நிறுவனத்தின் கருவிகளை அமெரிக்காவில் விற்கும் பொறுப்பு ஹெர்பர்ட்டுக்குக் கிடைத்தது. அலிஸ் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கணவருடன் கப்பல் ஏறினார்.

நிறுவனத்தின் முழுப் படத் தயாரிப்பையும் தாங்கியவர் அலிஸ். ஆனாலும் கல்யாணம் ஆனதும் வேலையை விட்டது மனைவிதான். இந்த முடிவைப் புரிந்துகொள்ள 1907-க்குப் போக வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஊர் மாறியதால் வேலையை விட்ட தோழி, அக்கா நம் எல்லோருக்கும் உண்டு.

1908-ல் மகள் சிமோன் பிறந்தாள். குழந்தையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் கோமோனுக்கு இருந்த ஸ்டூடியோ பாதி நாள் சும்மாவே கிடந்தது. அங்கே படம் எடுக்கலாம் என்று, 1910-ல் 'சோலாக்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஹெர்பர்ட் இன்னும் கோமோனின் ஒப்பந்தத்தில் இருந்ததால், தலைவர் பதவியில் அலிஸ் அமர்ந்தார்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் சோலாக்ஸ் நியூஜெர்சியின் ஃபோர்ட் லீயில் சொந்த ஸ்டூடியோ கட்டியது. செலவு 1 லட்சம் டாலருக்கும் மேல். ஹாலிவுட் தலையெடுப்பதற்கு முன் அமெரிக்க சினிமாவின் தலைநகரமாக இருந்தது இந்த ஃபோர்ட் லீதான். ஸ்டூடியோ எழுந்த அதே 1912-ல் மகன் ரெஜினால்டு பிறந்தான். அதாவது, வயிற்றில் பிள்ளையுடன் ஸ்டூடியோ கட்டி, வாரா வாரம் படமும் ரிலீஸ் செய்துகொண்டிருந்தார்.

நடிகர்கள் கண்ணில் படும்படி ஸ்டூடியோவில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. இயல்பாக இருங்கள் என்பது அதன் பொருள். கையைக் காலை ஆட்டி மிகையாக நடிப்பதே நடிப்பு என்றிருந்த மௌனப்பட காலத்தில் அலிஸ் கேட்டது இதைத்தான்.

சோலாக்ஸின் 'ஒரு முட்டாளும் அவன் பணமும்' என்ற 1912-ம் ஆண்டுப் படம் இன்னொரு காரணத்துக்காக நினைவுகூரப்படுகிறது. கறுப்பின நடிகர்களோடு சேர்ந்து நடிக்க வெள்ளை நடிகர்கள் மறுத்ததால், முழுக்க முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்தே படத்தை முடித்தார் அலிஸ். அந்தக் காலத்து இனக் கேலிகள் இந்தப் படத்திலும் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கறுப்பினத்தவர் வேடத்தில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி நடித்துக்கொண்டிருந்த காலத்தில், கறுப்பின நடிகர்கள் மட்டுமே நடித்து இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படங்களில் இது ஒன்று.

1914-ல் அமெரிக்க சினிமா பத்திரிகை ஒன்றில் பெண்களும் படத் தயாரிப்பும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். படம் எடுக்கும் வேலையில் ஆணால் முடிந்து பெண்ணால் முடியாதது என்று எதுவுமே இல்லை என்பது அவர் வாதம். வெறும் பேச்சு இல்லை. அப்போது அவருக்கு ஏறக்குறைய 18 ஆண்டு அனுபவம் இருந்தது.

சறுக்கியது எங்கே?

1913-ல் கோமோனுடனான ஹெர்பர்ட்டின் ஒப்பந்தம் முடிந்தது. எழுத்திலும் இயக்கத்திலும் முழுக் கவனம் செலுத்தலாம் என்று நினைத்த அலிஸ், சோலாக்ஸின் தலைவர் பதவியைக் கணவரிடம் கொடுத்தார். மூன்றே மாதத்தில் ஹெர்பர்ட் அதை விட்டு விலகி, 'பிளாஷே ஃபீச்சர்ஸ்' என்று தன் பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார். அதே ஸ்டூடியோ, அதே கருவிகள். சோலாக்ஸ் மெல்ல மெல்ல மறைந்தது. ஸ்டூடியோவைக் கட்டிய அலிஸ், மற்ற நிறுவனங்களுக்குச் சம்பளத்துக்குப் படம் இயக்கித் தரும் இயக்குநர் ஆனார்.

இது வெறும் குடும்பச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. சினிமா தொழிலே அப்போது மாறிக்கொண்டிருந்தது. படங்கள் நீளமாயின, செலவு ஏறியது, பெரிய நிறுவனங்கள் விநியோகத்தைக் கைக்குள் கொண்டுவந்தன, படப்பிடிப்புகள் கலிஃபோர்னியா பக்கம் நகர்ந்தன. ஃபோர்ட் லீயின் சிறிய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

இடையில் 1917-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சினிமா பற்றி உரையாற்றினார். ஆனால் வீட்டில் நிலைமை கெட்டது. ஹெர்பர்ட் குடும்பத்தை விட்டு ஹாலிவுட் போய்விட்டார். ஸ்பானிஷ் ஃப்ளூ பரவிய நேரத்தில் அலிஸும் நோயில் விழுந்து எழுந்தார். 1920-ல் வெளியான 'டார்னிஷ்டு ரெபுடேஷன்ஸ்' அவருடைய கடைசிப் படம். அந்த நாட்களில் பிள்ளைகளுடன் அவரும் ஹாலிவுட் போய், ஹெர்பர்ட் இயக்கிய படங்களில் அசிஸ்டென்ட்டாக வேலை பார்த்தார். கணவர் படம் எடுக்க ஆரம்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு நிறுவனத்தின் தயாரிப்பை நடத்தியவர் அவர்.

ஸ்டூடியோ ஏலத்துக்குப் போனது. மணவாழ்க்கையும் முறிந்தது. 1922-ல் இரண்டு பிள்ளைகளுடன் பிரான்ஸ் திரும்பினார். வயது 49. அங்கே சினிமாவில் வேலை தேடினார். யாரும் கொடுக்கவில்லை.

இதே காலத்தில் மற்ற பெண்களின் நிலையும் இப்படித்தான். 1910-களில் அமெரிக்க சினிமாவில் லாய்ஸ் வெபர் போல இயக்குநர்களாக, கதாசிரியர்களாகப் பல பெண்கள் இருந்தார்கள். சினிமா பெரும் பணம் புரளும் தொழில் ஆனதும் அந்த எண்ணிக்கை சரிந்தது. 1930-களில் பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் இயக்குநராக நீடித்த பெண் டோரதி ஆர்ஸ்னர் ஒருவர் மட்டுமே. முன்பு சொன்ன கதவு இதுதான். அலிஸுக்கு எளிதாகத் திறந்தது, மதிப்பு கூடியதும் மூடிக்கொண்டது.

பெயர் எப்படி அழிந்தது?

வேலை போனது ஒரு பக்கம். பெயர் போனது எப்படி? மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, டைட்டில் கார்டு. சினிமாவின் தொடக்க ஆண்டுகளில் இயக்குநர் பெயரைப் படத்தில் போடும் வழக்கமே இல்லை. நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். யார் எடுத்தது என்பது உடன் வேலை பார்த்தவர்களின் நினைவில் மட்டும் தங்கியது.

இரண்டாவது, கம்பெனி வரலாறு. 1930-ல் கோமோன் நிறுவனத்தின் வரலாறு அச்சாகி வந்தது. 1907-க்கு முந்தைய படத் தயாரிப்பு பற்றி அதில் பேச்சே இல்லை. அதாவது, அலிஸ் பொறுப்பில் இருந்த காலம் மொத்தமாக விடுபட்டிருந்தது. அவர் லியோன் கோமோனுக்குக் கடிதம் எழுதினார். திருத்துவதாக கோமோனும் ஒப்புக்கொண்டார். ஆனால் திருத்தம் அச்சுக்கு வரவில்லை. 1946-ல் கோமோன் இறந்துபோனார்.

மூன்றாவது, வரலாறு எழுதியவர்கள். யார் எடுத்த படம் என்று தெரியாதபோது, தெரிந்த ஆண் பெயர் ஒன்றை எழுதிவைப்பது எளிதாக இருந்தது. 'கிறிஸ்துவின் வாழ்க்கை' பல இடங்களில் விக்டோரன் ஜாஸே படம் என்று பதிவானது. ஜாஸே அந்தப் படத்தில் அலிஸின் உதவியாளர். ஒரு புத்தகத்தில் தப்பாக வந்தது அடுத்த புத்தகத்துக்குப் போனது, அங்கிருந்து இன்னொன்றுக்கு.

இந்த மூன்றில் எதற்கும் பெரிய வில்லன் தேவைப்படவில்லை. பெயரை எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டாலே போதும். மீதியைக் காலம் பார்த்துக்கொண்டது.

தன் படங்களைத் தேடிய பெண்

அலிஸ் சும்மா இருக்கவில்லை. 1927-ல் மீண்டும் அமெரிக்கா போய், காங்கிரஸ் நூலகம் உட்படப் பல இடங்களில் தன் படங்களைத் தேடினார். கையில் படம் இருந்தால் காட்டி வேலை கேட்கலாம். வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருந்தது. மௌனப்படங்களின் பிரதிகளை அன்று யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஓடி முடிந்த படச்சுருள் குப்பைக்குச் சமம்.

பிழைப்புக்காகக் குழந்தைகளுக்கான கதைகள் எழுதினார், திரைப்படங்களின் கதையைப் பத்திரிகைகளுக்கு நாவலாக எழுதிக் கொடுத்தார். மகள் சிமோன் அமெரிக்கத் தூதரகங்களில் வேலைக்குச் சேர்ந்தார். மகளுக்கு எந்த ஊரில் பணியோ அங்கே அம்மாவும் போனார்.

வயதான காலத்தில் அவர் செய்த முக்கியமான வேலை, பட்டியல் போடுவது. நினைவில் இருந்த படங்களை எல்லாம் எழுதிவைத்தார். வரலாற்றாசிரியர்களுக்குக் கடிதம் எழுதி, இது என் படம், அது அவருடையது இல்லை என்று திருத்தம் கேட்டார். நினைவுக் குறிப்புகளையும் எழுதி முடித்தார். வெளியிட ஒரு பதிப்பகம் கிடைக்கவில்லை.

கொஞ்சம் வெளிச்சம் 1950-களில் வந்தது. 1954-ல் லியோன் கோமோனின் மகன் லூயி கோமோன், பாரிஸில் ஓர் உரையில் அலிஸைப் பற்றிப் பேசி, அவர் அநியாயமாக மறக்கப்பட்டார் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். பிரான்ஸ் அரசின் லீஜியன் ஆஃப் ஆனர் விருதும் அந்தப் பத்தாண்டில் கிடைத்தது. 1957-ல் பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகமான 'சினிமாத்தெக்' அவரைக் கௌரவித்தது.

1968 மார்ச் 24 அன்று நியூஜெர்சியில் காலமானார். ஒரு காலத்தில் அவர் ஸ்டூடியோ நின்ற அதே மாநிலம். நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வந்தது 1976-ல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

அதன் பிறகே ஆய்வாளர்கள் காப்பகங்களைக் கிளற ஆரம்பித்தார்கள். இன்று அவருடைய படங்களில் சுமார் 150 கிடைத்திருக்கின்றன. தேடும்போது அவர்களுக்குக் கைகொடுத்தது, அலிஸ் தானே எழுதிவைத்த பட்டியலும் குறிப்புகளும். 2011-ல் அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் மறைவுக்குப் பிந்தைய வாழ்நாள் சாதனை விருது அளித்தது. 2018-ல் பமீலா கிரீன் இயக்கிய 'பி நேச்சுரல்' ஆவணப்படம், புதிய தலைமுறைக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. படத்தின் பெயர், ஸ்டூடியோவில் தொங்கிய அந்தப் பலகையில் இருந்த வாசகம்தான்.

சரி, இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

அலிஸ் முதல் படம் எடுத்து 125 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. ஆஸ்கர் விருது 1929-லிருந்து கொடுக்கப்படுகிறது. 2025 வரை சிறந்த இயக்குநர் விருதை வென்ற பெண்கள் மூன்றே பேர்: கேத்ரின் பிகலோ, குளோயி ஜாவ், ஜேன் கேம்பியன். முதல் பெண் வென்றதே 2010-ல்தான்.

பெண்களுக்கு சினிமா, டிவியில் வாய்ப்பு கொடுத்தாச்சே, இன்னும் என்ன சமத்துவம் என்ற கேள்வியை அடிக்கடி பார்க்கிறோம். அலிஸுக்கும் வாய்ப்பு கிடைத்தது. யாரையும் விட முன்னதாகவே கிடைத்தது. வாய்ப்பு மட்டும் போதாது என்பதற்கு அவருடைய மீதி வாழ்க்கையே பதில். செய்த வேலைக்குப் பெயர் எழுத்தில் வர வேண்டும். பதவியும் பங்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கல்யாணம், குழந்தை, ஊர் மாற்றம் என்று வரும்போது இழப்பு ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது.

இது பழைய பிரெஞ்சுக் கதை என்று நினைக்க வேண்டாம். மலையாள சினிமாவில் பெண்களின் பணிச்சூழலை ஆராய 2017-ல் கேரள அரசு நீதிபதி ஹேமா கமிட்டியை அமைத்தது. 2019 டிசம்பரில் கொடுக்கப்பட்ட அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் பொதுவெளிக்கு வந்தது. பாலியல் தொல்லைகள் பற்றிய பகுதிகள் தலைப்புச் செய்தி ஆயின. அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத விஷயங்களும் உண்டு: படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை, உடைமாற்றும் இடம் இல்லாதது, எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் வேலை வாங்குவது. ஒப்பந்தம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது கமிட்டியின் பரிந்துரைகளில் ஒன்று.

காகிதத்தில் இல்லாத வேலைக்குச் சம்பள பாக்கி கேட்க முடியாது, புகார் கொடுக்க முடியாது, நாளைக்கு நான்தான் செய்தேன் என்று சொல்லவும் முடியாது. அலிஸ் 50 வயதுக்கு மேல் ஊர் ஊராக அலைந்து தேடியது இந்த மாதிரி ஒரு காகிதத்தைத்தான்.

பார்வையாளராக நம் கையில் இருப்பது சின்ன விஷயம். ஓடிடியில் படம் முடிந்ததும் திரையின் மூலையில் அடுத்த படத்துக்குப் போகும் பட்டன் வந்துவிடும், நாமும் தட்டிவிடுவோம். ஒரு தடவை தட்டாமல் விட்டுப் பாருங்க. எடிட்டிங், ஒலிப்பதிவு, உடை, அசிஸ்டென்ட் டைரக்டர்கள் என்று பெயர்கள் ஓடும். அதில் பெண்கள் எத்தனை பேர், எந்தெந்த வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.